இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிய டேஷ்கேம்

என் காரின் டேஷ்கேம் (முன் கண்ணாடியில் ஒட்டிச் சாலையைப் பதிவு செய்யும் கேமரா) கணக்குப்படி அந்த விபத்து நடந்தது இரவு 8.35-க்கு. உண்மையில் நடந்தது மாலை 6.05-க்கு. இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் கூண்டில் நிற்க வைத்துக் கேட்ட கேள்விகளை எல்லாம் நினைத்தால், கடைக்காரர் கேமராவை மாட்டிக்கொடுத்த அன்றைக்கே செட்டிங்ஸில் போய் ஒரே ஒரு வரியை மாற்றியிருக்கலாமே என்று இப்போதும் தோன்றும். டேஷ்கேம் வாங்கப்போகிறேன் என்று யாராவது சொன்னால் எந்த பிராண்ட், எத்தனை மெகாபிக்சல் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நான் என் வழக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2024 டிசம்பர். மதுரையிலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம், நானும் மனைவியும். திருச்சி போகும் நான்கு வழிச்சாலையில், துவரங்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னால், வலது லேனில் போய்க்கொண்டிருந்தேன். சூரியன் மறைந்து பத்து நிமிடம் இருக்கும், வானத்தில் இன்னும் வெளிச்சம் பாக்கி. சென்டர் மீடியனை ஒட்டி ராங் சைடில், ஹெட்லைட் போடாமல், ஒரு பைக் நேரே எதிரில் வந்தது. அடுத்த மீடியன் திறப்பு வரை அப்படியே வந்து மறுபக்கம் போய்விடலாம் என்ற கணக்கு. நெடுஞ்சாலை ஓரத்து ஊர்க்காரர்கள் தினமும் செய்வதுதான், ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போகவேண்டாமே. ஹார்ன் அடித்து, பிரேக் மிதித்து, இடது பக்கம் ஒடித்தேன். பைக்கின் ஹேண்டில்பார் என் வலது ஹெட்லைட்டையும் ஃபெண்டரையும் கிழித்துக்கொண்டு போனது. ஓட்டியவருக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிவு. பின்னால் உட்கார்ந்திருந்த அவருடைய பையனுக்கு, பன்னிரண்டு வயது இருக்கும், சிராய்ப்பு மட்டும்.

வண்டியை ஓரம் கட்டி 108-ஐக் கூப்பிட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவு ஓட்டுநரிடம் எதிர்பார்ப்பதும் அதைத்தான்: அடிபட்டவருக்கு சிகிச்சை கிடைக்கச் செய்யவேண்டும், போலீசுக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லவேண்டும். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "கார்க்காரங்க கண்ணு மண்ணு தெரியாம வர்றாங்க" என்று ஒருவர் ஆரம்பித்தார், அது அப்படியே எஃப்.ஐ.ஆர். வரைக்கும் போனது. அடிபட்டவரின் தம்பி கொடுத்த புகாரில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற அந்த நிரந்தர வாசகம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 281, அதாவது அஜாக்கிரதையாக ஓட்டியது, கூடவே 125(ஏ), காயம் ஏற்படுத்தியது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு உறுதியானதும் 125(பி) என்று மாற்றினார்கள். அதாவது கொடுங்காயம், மூன்று ஆண்டு வரை சிறை அல்லது பத்தாயிரம் வரை அபராதம். ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான், இருந்தாலும் முதல் முறை ஸ்டேஷன் பெஞ்சில் உட்காருகிறவனுக்கு அது ஆறுதலாகப் படவில்லை.

டேஷ்கேம் இருப்பதே எனக்கு அப்போது ஞாபகம் இல்லை. நம்பமாட்டீர்கள், ஆனால் அதுதான் நிஜம். மோட்டார் வாகன ஆய்வாளர் (எம்.வி.ஐ.) வந்து பார்க்கவேண்டும் என்று காரை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தச் சொல்லி, சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். திருச்சியில் படிக்கும் அக்கா பையன் பஸ் பிடித்து வந்து சேர்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மாமா, மெமரி கார்டை எடுத்தீங்களா?"

இது ஏன் அவசரம் என்றால், டேஷ்கேம் லூப்பில் ஓடுவது. மூன்று மூன்று நிமிடக் கோப்புகளாக எழுதிக்கொண்டே போகும், கார்டு நிரம்பியதும் பழையதை அழித்து அதன் மேல் எழுதும். என்னுடையது 64 ஜி.பி. கார்டு, முன்னும் பின்னும் இரண்டு கேமரா, சுமார் ஐந்து மணி நேரம்தான் தாங்கும். மோதல் நடந்தால் ஜி-சென்சார் உணர்ந்து அந்தக் கோப்பைப் பூட்டி வைக்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பார்கள். உண்மைதான். ஆனால் நம் ஊர் வேகத்தடை ஒவ்வொன்றையும் மோதல் என்று நினைத்துப் பூட்டி கார்டையே நிரப்பிவிடுகிறதே என்று நான்தான் சென்சாரை ஆகக் குறைந்த அளவில் வைத்திருந்தேன். உரசிக்கொண்டு போன அடி, அது உணரவே இல்லை. கோப்பு பூட்டப்படவில்லை. அன்றிரவு காரை எடுத்துக்கொண்டு சென்னைக்கு ஓட்டியிருந்தால் செங்கல்பட்டு வருவதற்குள் எல்லாம் அழிந்திருக்கும்.

இரவு பத்து மணிக்கு எஸ்.ஐ.யிடம் அனுமதி கேட்டு, ஒரு காவலர் பக்கத்தில் நிற்க, கார்டைக் கழற்றினேன். கழற்றுவதை அக்கா பையன் தன் போனில் படம் எடுத்தான். கார்டை அடாப்டரில் போட்டு பக்கவாட்டில் இருக்கும் லாக்கைத் தள்ளிவிட்டு, அதற்கப்புறம்தான் லேப்டாப்பில் சொருகினான். லாக் போட்டால் கம்ப்யூட்டர் கார்டில் எதையும் எழுதாது. விண்டோஸிலேயே செர்ட்யூட்டில் என்று ஒரு கட்டளை இருக்கிறதாம், அதைத் தட்டி அந்தக் கோப்பின் எஸ்.எச்.ஏ-256 ஹாஷ் எண்ணை எடுத்து எனக்கு மெயில் அனுப்பினான். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி, வீடியோவில் ஒரு புள்ளி மாறினாலும் எண் முழுசாக மாறிவிடும். அன்றிரவு 10.40-க்குப் போன அந்த மெயிலுக்குப் பின்னால் நான் கோப்பில் கை வைக்கவில்லை என்பதற்கு அதைவிட மலிவான ஆதாரம் கிடையாது.

சரி, வீடியோவில் என்ன இருந்தது? பைக் ராங் சைடில் வருவது தெளிவாக இருந்தது. ஹெட்லைட் எரியவில்லை என்பது இருந்தது. என் ஹார்ன் இரண்டு முறை கேட்டது. இதெல்லாம் எனக்குச் சாதகம், துள்ளிக் குதித்தேன். என் வக்கீல் துள்ளவில்லை. "சார், கீழே மூலையில ஒரு நம்பர் ஓடுது பார்த்தீங்களா?" என்றார். ஜி.பி.எஸ். வேகம். பிரேக் மிதிப்பதற்கு முன் 74. அதற்குச் சற்று முன்னால் ஒரு போர்டு கடந்து போகிறது, 60 என்று. அதுவும் அதே வீடியோவில், அதே தெளிவில்.

அதோடு முடியவில்லை. கேமராவில் மைக்கும் உண்டு. மோதலுக்கு இருபது வினாடி முன்னால் என் மனைவியின் குரல்: "ஏங்க, எத்தனை தடவ சொல்றது, கொஞ்சம் மெதுவா போங்களேன்." வக்கீல் அந்த இடத்தை இரண்டு முறை போட்டுக் கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆடியோவை மட்டும் வெட்டிவிட்டுக் கொடுக்கலாமா, வேக எண்ணை மறைத்துவிடலாமா என்று நான் கேட்டதை ஒப்புக்கொள்கிறேன். கூடாது. வெட்டிய நொடியிலிருந்து அது வேறு கோப்பு, ஹாஷ் பொருந்தாது, ஒரு இடத்தில் கை வைத்தவன் எல்லா இடத்திலும் வைத்திருப்பான் என்று எதிர்த்தரப்பு சொன்னால் பதில் இருக்காது. அப்படியானால் கொடுக்காமலே இருக்கலாமா? இங்கே சட்டம் கொஞ்சம் நுட்பமானது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்பது அரசியல் சட்டத்தின் 20(3). ஆவணத்தைக் கொண்டுவா என்று சம்மன் அனுப்பும் பிரிவு, இப்போது குற்ற நடைமுறைக்கான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 94, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பொருந்தாது என்று ஷியாம்லால் சோக்ஸி வழக்கில் பழைய சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் 1964-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் போலீஸ் தானே வந்து சோதனை போட்டுக் கைப்பற்றுவதை அது தடுக்காது. அப்புறம், கொடுக்காமல் இருப்பது வேறு, அழிப்பது வேறு. சாட்சியமாக வரக்கூடிய மின்னணுப் பதிவை வரவிடாமல் அழித்தால் அதற்கென்றே தனிக் குற்றம் இருக்கிறது, நியாய சன்ஹிதா 241, மூன்று ஆண்டு வரை. விபத்து பிரிவில் மாட்டியவன் அதிலிருந்து தப்பிக்க இதில் போய் மாட்டிக்கொள்ளக்கூடாது.

கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். வேகம் 14 அதிகம் என்பதைவிட எதிர்த்திசையில் விளக்கில்லாமல் வந்தது பெரிது என்று வக்கீல் கணக்குப் போட்டார். ஸ்டேஷன் ரைட்டர் "வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க சார்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், ஆனால் வாட்ஸ்அப் வீடியோவை நசுக்கி அனுப்பும், தேதி விவரங்களும் ஹாஷும் போய்விடும், கடைசியில் கையில் இருப்பது ஒரு நிழல். பென் டிரைவில் நகல் எடுத்து, ஹாஷ் எண்ணை எழுதிய கடிதத்தோடு கொடுத்தோம். நானும் ஒரு புகார் கொடுத்தேன், அதைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியாக சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. அசல் கார்டு ஒரு உறையில், ஒட்டிக் கையெழுத்துப் போட்டு, வக்கீல் அலுவலக பீரோவில்.

மின்னணு நகல் கோர்ட்டில் நிற்கவேண்டுமென்றால் சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி என்பார்கள், 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியம் 63(4). புதிய படிவத்தில் இரண்டு பகுதி. முதல் பகுதியைக் கருவியைக் கையாண்ட நாம் நிரப்பவேண்டும், இரண்டாவதை ஒரு நிபுணர். ஹாஷ் எண்ணும் எந்த முறையில் எடுத்தது என்பதும் இரண்டிலும் வரவேண்டும். பதிவைத் தாக்கல் செய்யும் ஒவ்வொரு இடத்திலும் சான்றிதழும் கூடப் போகவேண்டும், கிரிமினல் கோர்ட்டில் கொடுத்தோமே என்று மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் சும்மா நிற்க முடியாது. இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று 2014-இல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, நடுவில் கொஞ்சம் குழப்பம் வந்து, 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு மறுபடி உறுதி செய்தது. அதே தீர்ப்பில் எங்களுக்குப் பயன்பட்ட ஒரு வழியும் இருந்தது: கருவிக்குச் சொந்தக்காரர் தானே கூண்டேறி, இது என்னுடையது, நான்தான் இயக்கினேன் என்று சொல்லி அசலையே காட்டினால் சான்றிதழ் தேவையில்லை. அதனால்தான் கார்டு பீரோவுக்குப் போனது. அந்தக் கேமராவையும் கண்ணாடியிலிருந்து கழற்றிப் பத்திரப்படுத்தினோம், வண்டியில் வேறு வாங்கி மாட்டினேன். சான்றிதழும் வாங்கிக்கொண்டோம், எதற்கு வம்பு.

அடிபட்டவர் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்டு மனு போட்டார். அங்கே சாட்சிய விதிகள் கிரிமினல் கோர்ட் அளவுக்குக் கறார் இல்லை, எது அதிகம் நம்பத்தகுந்தது என்று பார்ப்பார்கள். கூண்டேறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "விபத்து எத்தனை மணிக்கு?" ஆறு மணி வாக்கில், ஆறு அஞ்சு. "உங்க வீடியோவில் என்ன மணி?" எட்டு முப்பத்தைந்து. "அப்போ இது அன்னைக்கு எடுத்த வீடியோவே இல்லை."

ஜி.பி.எஸ். உள்ள கேமராவில் கடிகாரம் தவறாது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். ஜி.பி.எஸ். கொடுப்பது உலகப் பொது நேரம். அதோடு எத்தனை மணி கூட்டவேண்டும் என்பது நாம் அமைப்பது. என் கேமரா தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே சீன நேரத்தில், எட்டு மணி கூட்டல் என்று இருந்தது. நமக்கு ஐந்தரை. வித்தியாசம் சரியாக இரண்டரை மணி. இதை வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? காப்பாற்றியது சுங்கச்சாவடி. அதே கார்டில், விபத்துக்கு அரை மணி முன்னால் சிட்டம்பட்டி டோலைக் கடக்கும் காட்சி இருந்தது, அதன் நேர முத்திரை 20.01. என் போனில் அதே கடப்புக்கான ஃபாஸ்டாக் எஸ்.எம்.எஸ். 17.31. 108-க்குப் போட்ட அழைப்பு 18.07. இவற்றையெல்லாம் வரிசையாக வைத்ததும், எல்லாம் அதே இரண்டரை மணியில் பொருந்தியது. அதற்கு மேல் வானத்தில் வெளிச்சம். டிசம்பர் மாதம் இரவு எட்டரைக்கு மேற்கே எந்த ஊரில் வெளுத்திருக்கும்? என் வக்கீல் இந்தக் கேள்வியைத்தான் கடைசியாகக் கேட்டார், எதிர்ப்பக்கம் உட்கார்ந்துவிட்டது.

வேகத்தைப் பற்றியும் ஒரு சண்டை நடந்தது. மோதும் கணத்தில் திரையில் 58. ஜி.பி.எஸ். வேகம் திடீர் பிரேக்கில் ஏறக்குறைய ஒரு வினாடி பின்தங்கித்தான் காட்டும், நிஜ வேகம் அதைவிடக் குறைவாக இருந்திருக்கும். வீடியோ வினாடிக்கு 30 பிரேம். பைக் முதலில் கண்ணுக்குத் தெரிவதிலிருந்து மோதுவது வரை 54 பிரேம், அதாவது இரண்டு வினாடிகூட இல்லை. ஆனால் 140 டிகிரி அகலக் கோண லென்ஸ் எல்லாவற்றையும் தள்ளி, சின்னதாகக் காட்டும். திரையில் பார்த்தால் "இவ்வளவு தூரம் இருந்ததே, நிறுத்தியிருக்கலாமே" என்றுதான் யாருக்கும் தோன்றும். பிரேம் எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால் அந்தப் படம் எனக்கு எதிராகவே பேசியிருக்கும்.

2025 செப்டம்பரில் மக்கள் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்கு சமரசமானது. ராங் சைடில் வந்ததற்காக ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மீதியை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்தது. இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. மூன்றாம் நபர் இழப்பீடு என் பாக்கெட்டிலிருந்து போவதில்லை, கம்பெனிதான் கட்டுகிறது. என் வீடியோ மிச்சப்படுத்தியது அவர்களுடைய பணத்தை. குறைந்ததோ மூன்று மாதம் வேலைக்குப் போகமுடியாமல் கிடந்த ஒரு கூலித் தொழிலாளியின் தொகை. தப்பு அவர் மேல்தான் பெரும்பங்கு, இருந்தாலும். எனக்கென்று பார்த்தால் அந்த வீடியோவால் லாபம் கிரிமினல் வழக்கில் மட்டும்தான், அது இன்னும் வாய்தாவில் இருக்கிறது. சொந்த டேமேஜுக்கு க்ளெய்ம் போடவில்லை. ஹெட்லைட்டும் ஃபெண்டரும் பெயின்டும் சேர்ந்த செலவைவிட இழக்கும் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் போடாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அதிகம், நான்காவது வருடத்தில் 45 சதவீதம் அது.

நடுவில் நடந்த கூத்து ஒன்று. விபத்து நடந்த மூன்றாம் நாள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நான் அந்த வீடியோவைப் போட்டேன், புத்தி இல்லாமல். அங்கிருந்து எங்கோ போய், "குடிபோதையில் ராங் சைடு" என்ற தலைப்போடு சோஷியல் மீடியாவில் சுற்றியது. அவர் குடித்திருக்கவில்லை. அவர் முகம், பையன் முகம் இரண்டும் தெரிந்தது. இல்லாததைச் சொன்னதற்கு அவதூறு, நியாய சன்ஹிதா 356. பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டதற்கு சிறார் நீதிச் சட்டம் 74, ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம். போட்டவனைத் தேடிப்பிடித்து எடுக்க வைப்பதற்குள் தூக்கம் போனது. பொதுச் சாலையை நம் காரிலிருந்து படம் எடுக்க இந்தியாவில் தடைச் சட்டம் எதுவும் இல்லை, சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதை 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுச் சட்டமும் தொடவில்லை. எடுத்ததை ஊருக்குக் காட்டும்போதுதான் கதை மாறுகிறது. கால் டாக்சியில் உள்பக்கம் பார்க்கும் கேமரா வைப்பவர்கள் பயணிக்குத் தெரியும்படி எழுதி ஒட்டிவிடுவது உத்தமம், அது சொந்த உபயோகம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ராணுவப் பகுதி வாசலில் அணைக்கச் சொன்னால் வாதாடாமல் அணைத்துவிடுங்கள்.

வாங்குவது பற்றிச் சுருக்கமாக. நம் வெயிலில் பூட்டிய காருக்குள் டேஷ்போர்டு அடுப்பாகிறது, உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கும் கேமரா வேண்டாம், அதற்குப் பதில் சூட்டைத் தாங்கும் கெப்பாசிட்டர் உள்ளதாகப் பாருங்கள். கார்டு சாதாரணமானது போதாது, சிசிடிவிக்கென்று விற்கும் எண்டூரன்ஸ் வகை வாங்கி மாதம் ஒருமுறை கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டினால் பார்வையை மறைக்காது. பக்கத் தூணில் கர்டன் ஏர்பேக் இருந்தால் வயர் அதன் முன்பக்கமாகப் போகக்கூடாது, விரியும்போது இழுத்துக்கொண்டு வரும். வண்டி நிற்கும்போதும் பதியும் பார்க்கிங் மோடுக்காக வயரிங்கை வெட்டி ஒட்டும் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள், வயரை வெட்டாமல் ஃபியூஸ் பெட்டியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் ஃபியூஸ் டேப் போட்டு, பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் தானே அணையும் கிட் வாங்குங்கள். இரவில் எதிர் வண்டியின் நம்பர் பிளேட் தெரியும் என்று நம்பவேண்டாம், 4கே என்று எழுதியிருந்தாலும் ஹெட்லைட் வெளிச்சத்தில் வெள்ளைப் பட்டையாகத்தான் இருக்கும். இடித்துவிட்டு ஓடினால் நம்பரைச் சத்தமாக வாய்விட்டுப் படியுங்கள், மைக் பதிந்துகொள்ளும்.

அந்த மைக்கை அணைத்துவிடலாமா என்று நிறைய யோசித்தேன். ஹார்ன் அடித்ததற்கு அதுதான் சாட்சி, அதனால் அணைக்கவில்லை. கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிந்ததைக்கூட விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்ன செய்தியை என் மனைவிதான் எனக்கு வாசித்துக் காட்டினாள். புதிய கேமராவில் நேரம் இப்போது சரியாக இருக்கிறது. வண்டியில் ஏறியதும் அவள் முதலில் பார்ப்பது அந்தச் சிவப்பு விளக்கை. "ஏங்க, இது ஓடுதா?" ஓடுது என்றால் ஸ்பீடோமீட்டர் பக்கம் விரலை மட்டும் நீட்டுகிறாள்.